முதல் இலையில் பதினேழு பிடி

போன வருஷ மாசித் திருவிழாவில் நம்ம கோயில் ஆத்தாவின் சோற்றைச் சாப்பிட்டுத்தான் நான் சாகக் கிடந்தேன். அருள் அனுபவம் சொல்ல வந்தவன் இப்படியா ஆரம்பிப்பான் என்று கேட்பீர்கள். நடந்தது அதுதான். அன்றைக்கு எனக்கு ஆத்தா மேலேயே கோபம். இன்றைக்கு அவள் சந்நிதியில் நின்று இதை எழுதிக் கொடுக்கிறேன் என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்க வேண்டும் இல்லையா? அதைத்தான் சொல்கிறேன்.

என் பெயர் பிரதீப். இரத்தினபுரிப் பக்கம் கஹவத்தைக்கு மேலே, பாதி தேயிலை பாதி ரப்பராக இருக்கிற தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் மேட்டு லயத்துக்காரன். தோட்டப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். இப்போது என்னைப் பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள், நான் நூற்று நாற்பத்திரண்டு கிலோ இருந்தவன். இருபத்தெட்டு வயசிலேயே சீனி வியாதி, பிரஷர். லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு ஏறுகிற படியில் மூன்று இடத்தில் நிற்பேன். மூச்சு வாங்குவது தெரியக்கூடாது என்று ஃபோனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். பிள்ளைகளை ஏமாற்ற முடியுமா? "சேருக்கு மூணாவது ஃபோன் கோல் வந்திருச்சுடோய்" என்று மேலே நின்று சிரிப்பார்கள்.

எதையாவது பிடித்தால் விடாமல் பிடிக்கிற ஆள் நான். உடம்பைக் குறைக்கிற இந்த ஒப்பரேஷனைப் பற்றி எத்தனை வீடியோ பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாக வைத்துத் தைத்துவிடுவார்கள். கொழும்புக்கு ஆறு தடவை கிளினிக் போனேன். மார்கழிக் கடைசியில் திகதி கிடைத்தது.

வீட்டில் சொன்னது வேறு. எங்க அம்மாவிடம் "குடலிறக்கம், சின்ன ஒப்பரேஷன்" என்றேன். அவள் விடியக் கருக்கலில் எழும்பி ரப்பர் பால் வெட்டி என்னைப் படிக்க வைத்தவள். நான் கேட்காமலே என் தட்டில் இன்னொரு அகப்பை சோறு வைப்பதுதான் அவளுக்குச் சந்தோஷம். அவளிடம் போய், உன் சோறு என்னைக் கொல்லுது, வயிற்றை வெட்டிக்கொள்ளப் போறேன் என்று எப்படிச் சொல்வது? லயத்துக்குத் தெரிந்தால் வேறு கதை. "வாயக் கட்ட முடியாதவன் வயித்த வெட்டிக்கிட்டான்" என்று ஒரு வருஷத்துக்குப் பேசுவார்கள்.

ஒரே ஒருத்தனுக்குத்தான் உண்மை தெரியும். சேகர். முதலாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவன். மேட்டு லயத்தில் இருக்கிற ஒரே த்ரீவீல் அவனுடையது. கோயில் வாலிபர் சங்கத்தில் பரிமாறுகிற பொறுப்பும் அவனுக்குத்தான். கொழும்புக்கு என்னோடு வந்து மூன்று நாள் வார்ட் வாசல் பெஞ்சில் கிடந்தான். எனக்கு எழும்ப முடியாதபோது மூத்திரச் சட்டி எடுத்துக் கொடுத்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவன் கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

வீட்டுக்கு அனுப்பும்போது சாப்பாட்டு விஷயம் சொல்லித் தருகிற மிஸ் ஒரு காலி யோகட் கப்பை எடுத்து என் கையில் வைத்தார். முதல் இரண்டு கிழமை, பதினாலு நாளும், தண்ணி மாதிரியானது மட்டும், அதுவும் உறிஞ்சி உறிஞ்சி. அடுத்த இரண்டு கிழமை மசித்தது. அதற்குப் பிறகு மெத்தென்று இருக்கிற சாப்பாடு. ஆறாவது கிழமையில் ஒரு வேளைக்கு இந்தக் கப்பில் பாதி. சின்னக் கரண்டியால் மூன்று. முட்டை, மீன், பருப்பு முதலில், இடம் இருந்தால்தான் சோறு. இருபது தடவை மெல்ல வேண்டும். சாப்பாட்டோடு தண்ணி குடிக்கவே கூடாது, அரை மணித்தியாலம் போகட்டும். நாங்கள் ரொட்டியைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணியால் உள்ளே இறக்குகிற ஆட்கள். எனக்கு அதுதான் பெரிய கஷ்டமாகத் தெரிந்தது. சேகர்தான் சிங்களத்தில் திருப்பித் திருப்பிக் கேட்டான். "கூடச் சாப்பிட்டா என்ன ஆகும் மிஸ்?" மிஸ் சொன்னார்: "தையல் இன்னும் பச்சை. உயிருக்கே ஆபத்தாகலாம்."

இதை அவன் காதால் கேட்டான். மறந்துவிடாதீர்கள்.

ஒப்பரேஷனுக்கு முன்னாடி ஆத்தாவிடம் வேண்டியிருந்தேன், நல்லபடி எழும்பினால் மாசித் திருவிழாவில் உனக்குப் பால்குடம் எடுக்கிறேன் என்று. எழும்பினேன். சரியாக ஆறாவது கிழமை திருவிழா. சின்னச் செம்பு என்றால் தூக்கலாம் என்றார் டொக்டர். அப்புறம்தான் எனக்கு முதல் இலை ஞாபகம் வந்தது.

வெளியூர் அடியார்களுக்குச் சொல்கிறேன். எங்கள் தோட்டத்தில் நோயிலிருந்து எழும்பி வேண்டுதல் தீர்க்கிறவர்தான் முன்னால் பால்குடம் எடுப்பார், அவருக்குத்தான் அன்னதானத்தில் முதல் இலை. அந்த இலையைக் கையால் மறைத்து "போதும்" என்று சொல்லக்கூடாது. ஒரு பருக்கை மிச்சம் வைக்கக்கூடாது. வைத்தால் அந்த வருஷ மழைக்கு மண் சரியும் என்பார்கள். சிரிக்காதீர்கள். மேட்டு லயத்துக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டை வந்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

சேகரின் த்ரீவீலில் போகும்போது சொன்னேன்.

"மச்சான், முதல் இலை எனக்குத்தான் வரப் போகுது. என்னடா செய்றது?"

"பரிமாறுறது யாரு? நான்தானே? மூணு கரண்டி. சின்னக் கரண்டி. இலையில பரப்பி விட்டுருவேன், பாக்கிறவனுக்கு நெறைஞ்ச மாதிரித் தெரியும்."

"சத்தியமா?"

"ஆத்தா மேல சத்தியம்டா. ஒனக்குச் சட்டி எடுத்தவன் நான். என்னைப் போய்க் கேக்கிறியே."

நான் நம்பினேன். அதற்குப் பிறகு அதைப் பற்றி யோசிக்கக்கூட இல்லை.

திருவிழா அன்று பால்குடம் எடுத்தேன். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஆத்தாவின் மேட்டை நிற்காமல் ஏறினேன். எங்க அம்மா அழுதாள். பந்தி போட்டார்கள். முதல் இலையில் உட்கார்ந்தேன். சேகர் சோற்று வாளியோடு வந்தான். ஒன்று. இரண்டு. மூன்று. பெரிய அகப்பையால். நான் நிமிர்ந்து பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் நிற்கிறவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நான்காவது. பருப்பு. கத்தரிக்காய்ப் பிரட்டல். வடை இரண்டு.

"மச்சான், என்னடா இது" என்றேன் மெதுவாக.

"ஆத்தா சோறு, சாப்பிடுங்க சேர்!" என்றான் சத்தமாக. வாழ்க்கையில் அவன் என்னை "சேர்" என்று கூப்பிட்டதே இல்லை.

பின்னால் யாரோ, "மிச்சம் வச்சிராதீங்க சேர், மேட்டு லயம் தாங்காது" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் சிரிப்புக்குள்ளே பயமும் இருந்தது, எனக்குத் தெரியும். எங்க அம்மா எதிரே நின்று, ஆறு கிழமைக்குப் பிறகு பிள்ளை இலை நிறையச் சாப்பிடப் போகிறான் என்ற முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழும்பியிருக்கலாம். உண்மையைச் சொல்லியிருக்கலாம். படித்தவன்தானே நான்? ஆனால் சாப்பிட்டேன். ஐந்தாவது பிடியிலேயே நெஞ்சுக்குக் கீழே இறுகியது. மூக்கில் தண்ணி வடிந்தது. விக்கல் வந்தது. யாரோ தண்ணி நீட்டினார்கள், அதையும் குடித்தேன். கடைசியில் பாயாசம். இலையை வழித்து மடித்தபோது பின்னால் ஒரு கைதட்டல். திருவிழா உற்சாகம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு வாந்தி. விடாத வாந்தி. மறுநாள் காலை மஞ்சள் நீராட்டு மேளம் கேட்கிறது, எனக்கு ஒரு சொட்டுத் தண்ணி உள்ளே நிற்கவில்லை. இடது தோளில் கத்தி இறக்கின மாதிரி வலி. எங்க அம்மா ஓடியது யாரிடம்? சேகரிடம். வேறு வண்டி ஏது? அவன் இரத்தினபுரிக்கு ஓட்டினான். கண்ணாடியில் அவன் கண்ணைப் பார்த்தேன். பயந்திருந்தான். எனக்காகப் பயப்படுகிறான் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் கிளினிக் புத்தகத்தைப் பார்த்தார். அது இங்கிலீஷ், எங்க அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. டொக்டர் நிமிர்ந்து, "கொச்சர கேவத?" என்றார். எவ்வளவு சாப்பிட்டார் என்று.

சேகர் முந்திக்கொண்டான். "கொஞ்சம்தான் சேர், மூணு கரண்டி" என்று சிங்களத்தில் சொன்னான்.

நாங்கள் பேசி வைத்த அதே மூன்று கரண்டி. இலையில் வைக்காததை டொக்டரிடம் வைத்தான்.

டொக்டர் முகம் மாறியது. "மூணு கரண்டிக்கு இப்படி என்றால் தையல் விட்டிருக்கும் போல. கொழும்புக்கு அனுப்பணும். திரும்பத் திறக்க வேண்டி வரலாம்." ஆம்புலன்ஸுக்குச் சொன்னார், அது வர மத்தியானமாகும் என்றார்கள். சேகர் அங்கேயேதான் நின்றான். ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை. பிறகு மெல்ல வெளியே போய்விட்டான்.

ஏன் நீ சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வாயைத் திறந்தால் வாந்தி. அது பாதிக் காரணம். மீதிப் பாதி, என் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தது எங்க அம்மாவின் கை. இலை நிறையச் சாப்பிட்டதை அவளே பார்த்தவள், ஆனால் அது ஏன் தப்பு என்று அவளுக்குத் தெரியாது. டொக்டர் பேசினது அவளுக்குக் காதில் விழுந்தாலும் பயத்தில் ஒன்றும் ஏறவில்லை. நான் உண்மையைச் சொன்னால் அடியிலிருந்து எல்லாப் பொய்யையும் அவிழ்க்க வேண்டும். வயிற்றைத் திறக்கப் போகிறார்கள் என்று தெரிந்தும் எனக்கு வாய் வரவில்லை. அப்படி ஒரு கோழைத்தனம்.

கண்ணை மூடினேன். ஆத்தாவோடு சண்டை போட்டேன். கும்பிடவில்லை, சண்டைதான். "உனக்குப் பால்குடம் எடுத்தேன். உன் பெயரில் சத்தியம் பண்ணினவன் ஏமாத்திட்டான். நீ பார்த்துக்கிட்டு இருந்தியே. உன் சோறே எனக்கு விஷமாப் போச்சே." கொஞ்ச நேரம் கழித்து, திட்டுவதற்கும் தெம்பில்லாமல், ஒன்றே ஒன்று கேட்டேன். "எனக்குச் சொல்ல வாய் வரல தாயே. நீயே யாரையாவது அனுப்பு."

பார்வையாளர் நேரத்துக்கு வந்தது பாக்கியம் அக்கா.

பாக்கியம் அக்கா எங்க அம்மாவோடு ஒரே மலையில் பால் வெட்டுகிறவர். காலை பஸ்ஸைப் பிடித்து, விபூதிப் பொட்டலத்தோடு வந்திருந்தார். அவர் வாய்க்குப் பூட்டு இதுவரை யாரும் செய்யவில்லை. கட்டிலுக்கு வந்ததும் என் நெற்றியில் விபூதியை அப்பிவிட்டு ஆரம்பித்தார்.

"ஐயோ தம்பி, அந்தப் படுபாவிப் பசங்க வெளையாட்டு இப்படி ஆயிருச்சே! வயித்த வெட்டிக்கிட்டவன் எத்தனை பிடி திம்பான்னு பந்தயமாம். ஒருத்தன் ஆறுன்னான், ஒருத்தன் பத்துன்னான். சேகருதான் நெஞ்ச நிமித்திக்கிட்டு, 'முதல் இலைன்னா அவன் முழுசும் திம்பான், எனக்குத் தெரியும் அவன'ன்னு கட்டினான். தோத்தவன் கொடி இறங்கினதும் பஸாருல எல்லாருக்கும் மாலு பாணும் தேத்தண்ணியும் வாங்கித் தரணுமாம். பொய் சொல்லக் கூடாது தம்பி, நானும் எட்டுன்னு ஒரு மாலு பாண் கட்டிட்டேன். நீ பதினேழுக்குப் போயிட்டியே!"

எங்க அம்மா கேட்டாள். "எந்த வயித்த வெட்டுனது?"

பாக்கியம் அக்கா அப்போதுதான் வாயைப் பொத்தினார்.

"லயத்துல எல்லாருக்கும் தெரியும் அக்கா. ஒனக்கு மட்டும் சொல்லக் கூடாதுன்னு சேகர் சொல்லியிருந்தான்."

ஆறு கிழமையாக. எல்லாருக்கும். நான் படியில் இறங்கும்போது வணக்கம் சொன்ன ஒவ்வொரு முகத்துக்கும். நான் கஞ்சி குடித்ததை, எங்க அம்மா கவலைப்பட்டதை, எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு. மீன் அடைத்த ஒரு மாலு பாணுக்காக.

வாசலில் சேகர் நின்றான். கையில் ஒரு செவ்விளநீர். எங்கள் பேச்சில் எவ்வளவு அவன் காதில் விழுந்ததோ தெரியாது. அதைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் போனான். ஜன்னல் வழியாக அவன் த்ரீவீல் சத்தம் கேட்டது.

பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நேர்ஸ் மிஸ் திரும்பினார். அவருக்கு எங்கள் பேச்சு கொஞ்சம் புரியும். "எத்தனை?" என்று பாக்கியம் அக்காவைப் பிடித்துக் கேட்டார். அக்கா சிங்களத்தில் கொட்டினார். பதினேழு பிடி, ஒவ்வொன்றும் இந்த அளவு என்று கையைக் குவித்துக் காட்டினார். இரண்டு வடை, பாயாசம், ஒரு கிளாஸ் தண்ணி. எண்ணினவர்கள் சரியாகத்தான் எண்ணியிருந்தார்கள்.

டொக்டர் ஓடி வந்தார். என்னிடம் நேராகக் கேட்டார். எங்க அம்மாவுக்கு முன்னால் நான் தலையாட்டினேன்.

"அப்படின்னா கதை வேற. ஆம்புலன்ஸ் நிக்கட்டும், முதல்ல ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம்."

ஒரு மருந்துத் தண்ணியை விழுங்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அந்த ஒரு மடக்கு இறங்கும்போது நான் வேண்டினது உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. படத்தைப் பார்த்துவிட்டு டொக்டர் சொன்னார்: "ஓட்டை இல்ல. அளவுக்கு மீறி அடைஞ்சு வீங்கியிருக்கு. வெட்டத் தேவையில்ல."

வாயில் ஒன்றும் இல்லாமல் இரண்டு நாள். கையில் சேலைன், விட்டமின் ஊசி. மூன்றாம் நாள் காலையில் நேர்ஸ் மிஸ் ஒரு தேக்கரண்டியில் தண்ணி கொண்டு வந்தார். "டிக டிக, மல்லி" என்றார். கொஞ்சம் கொஞ்சமாத் தம்பி. விழுங்கினேன். காத்திருந்தோம். தண்ணி நின்றது. நான் குழந்தை மாதிரி அழுதேன். ஒரு தேக்கரண்டித் தண்ணி உள்ளே நிற்பதற்காக அழுதிருக்கிறீர்களா? அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. எனக்குக் குழி வெட்டினவர்கள் எண்ணின கணக்கையே எடுத்து ஆத்தா என் வயிற்றை வெட்டாமல் காப்பாற்றியிருக்கிறாள்.

எங்க அம்மா இரண்டு நாள் சேலைன் போத்தலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "சேகருக்குச் சொல்லத் தெரிஞ்சவனுக்கு எனக்குச் சொல்லத் தெரியலயா?" சேகர் எனக்குச் செய்ததை நான் அவளுக்கு முன்னாடியே செய்திருந்தேன். இப்போது எங்கள் அடுப்படித் தட்டில் யோகட் கப் வரிசையாக இருக்கிறது. அவள்தான் அளந்து போடுகிறாள். சில நாள் கரண்டி கொஞ்சம் கோபுரமாக வரும். நான் பார்த்தால் தட்டிவிடுவாள்.

ஒரு மாதம் கழித்து சேகர் வந்தான்.

"சும்மா சிரிக்கத்தான்டா மச்சான். இப்படி ஆகும்னு நெனைக்கல."

"இலையில வச்சத விடு. டொக்டர் கேட்டப்ப ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன்."

"எனக்கு வயித்தத் திறக்கப் போறாங்கன்னு தெரிஞ்சும்?"

அவன் தலை குனிந்து நின்றான். பிறகு த்ரீவீலைப் பார்த்து நடந்தான்.

இந்த மாசித் திருவிழாவில் மறுபடியும் பால்குடம் எடுத்தேன். பந்திக்கு முன்னாடி மைக்கை வாங்கி எல்லாவற்றையும் சொன்னேன். என்ன ஒப்பரேஷன், ஏன் செய்தேன், யாரிடம் பொய் சொன்னேன், அன்றைக்கு எவ்வளவுதான் சாப்பிட்டிருக்கலாம். பாதிப் பேர் தரையைப் பார்த்தார்கள். பாக்கியம் அக்கா மட்டும், "நல்லாச் சொல்லு தம்பி!" என்று கத்தினார். பூசாரி ஐயாவிடம் கேட்டேன், ஆத்தாவுக்கு நாம் படைக்கிற பித்தளைக் கிண்ணத்தில் எவ்வளவு பொங்கல் இருக்கிறது என்று. அவர் திரும்பி அதைப் பார்த்தார். ஒரு யோகட் கப் அளவுதான். "சரி, முதல் இலைக்கும் இனி அவ்வளவுதான்" என்று அவரே மைக்கில் சொல்லிவிட்டார். போன வருஷம் முழு இலை தின்றும் ஐப்பசி மழைக்கு மண்மேட்டில் ஒரு பக்கம் சரிந்துதான் போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதையும் எல்லோரும் யோசித்திருப்பார்கள் போல, ஒருத்தரும் மறுத்துப் பேசவில்லை.

பரிமாற வந்தது சேகர். பொறுப்பு இன்னும் அவனிடம்தான். சின்னக் கரண்டியோடு குனிந்தான். ஒன்று. இரண்டு. மூன்று. பருப்பும் சோறும் குழைந்தது. இப்போது நான் ஒரு கப் நிறையச் சாப்பிடுவேன், அது அவனுக்குத் தெரியாது. அவனிடம் சொல்லாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன இப்போது. மூன்றாவது கரண்டியோடு நிறுத்தி, என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் முதல் இலையின் மேல் கையை வைத்தேன்.

"போதும்" என்றேன்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்கிறார்கள். இல்லை. பொய் சொல்லி ஆத்தாவுக்குச் சாட்சி எழுத எனக்கு விருப்பமில்லை. அவன் கையால் சாப்பிட்டேன், அது வரைக்கும் வந்திருக்கிறேன். மிச்சத்தையும் அவளிடமே கேட்டிருக்கிறேன்.

இன்றைக்கு நான் எண்பத்தொன்பது கிலோ. சீனி மருந்து நிறுத்தியாச்சு. விட்டமின் குளிசை சாகும் வரைக்கும் போட வேண்டும், போடுகிறேன். இந்த ஒப்பரேஷன் யோசிக்கிறவர்கள் என்னைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள், டொக்டரைக் கேளுங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். பள்ளிக்கூடப் படியை ஒரே மூச்சில் ஏறுகிறேன். "சேருக்கு இப்ப கோலே வர்றதில்ல" என்று பிள்ளைகளுக்கு ஏமாற்றம்.

உங்களில் யாருக்காவது உண்மையைச் சொல்ல வாய் வராமல் தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்தால், ஆத்தாவிடம் கேளுங்கள். கோபமாகக் கேட்டாலும் பரவாயில்லை, அவள் கேட்பாள். ஆனால் யாரை அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் நம்பினவனை அவள் அனுப்பவில்லை. என் பேரில் ஒரு மாலு பாண் பந்தயம் கட்டித் தோற்றவரைத்தான் காலை பஸ்ஸில் ஏற்றி அனுப்பினாள்.